பாதியில் நின்ற க்ளிப்

கடிதம் வந்தபோது மகளுக்குப் பதினைந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே பக்கம். தொடர்ந்து இரண்டு அப்பாயிண்ட்மென்ட்டுக்கு வரவில்லை, மூன்றாவதற்கு இருபது நிமிடம் தாமதம், எனவே உங்கள் மகளின் என்எச்எஸ் (இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை) பல் க்ளிப் சிகிச்சையை இத்துடன் முடித்துக்கொள்கிறோம், க்ளிப்பைக் கழற்ற வேண்டுமென்றால் கீழே உள்ள எண்ணுக்கு அழைக்கவும். அவ்வளவுதான். அவள் வாயில் அப்போது மேலே பத்து பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு), கீழே பன்னிரண்டு. எத்துப்பல்லை உள்ளே இழுக்க இடம் வேண்டும் என்று மேல் வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். அந்த இடைவெளி பாதிதான் மூடியிருந்தது.

இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குள் பல் வைத்தியம் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். க்ளிப்பும் அதில் சேர்த்தி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சேர்த்திதான், ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கிடையாது. ஐஓடிஎன் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1989-இல் புரூக், ஷா என்ற இருவர் வெளியிட்டது. பற்களின் நிலையை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். 4, 5 என்றால் என்எச்எஸ் செலவில் க்ளிப் உண்டு. 3 என்றால் பத்துப் புகைப்படங்கள் கொண்ட இன்னொரு வரிசையோடு ஒப்பிட்டு, தோற்றம் ஆறாவது படத்தின் அளவிலோ அதைவிட மோசமாகவோ இருந்தால்தான் உண்டு. 1, 2 என்றால் கைக்காசுதான்.

மகளை முதலில் பார்த்த அன்று க்ளிப் டாக்டர் (எங்கள் வீட்டில் ஆர்த்தோடான்டிஸ்டுக்கு அதுதான் பெயர்) ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவுகோலை அவள் முன்பல்லில் வைத்துப் பார்த்தார். மேல்வரிசை கீழ்வரிசையைவிட 8 மில்லிமீட்டர் முன்னால் நின்றது. ஆறுக்கு மேல், ஒன்பதுக்குள் என்றால் 4-ஆம் தரம். "கிடைச்சிடுச்சு" என்று காரில் உட்கார்ந்ததும் கணவருக்கு மெசேஜ் அனுப்பினேன். ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் காத்திருந்தோம். பதின்மூன்றரை வயதில்தான் க்ளிப் ஏறியது.

சரி, எப்படி இழந்தோம்? கேட்கிறவர்களுக்குப் பெரிய காரணம் ஒன்று வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் வீடு மாறினோம். அதே சமயம் நான் போன் கம்பெனியை மாற்றினேன், எண்ணும் மாறியது. வழக்கமான பல் டாக்டரிடம் புது முகவரி, புது எண் இரண்டும் கொடுத்தேன். அவர்தானே க்ளிப் டாக்டரிடம் அனுப்பினார், அங்கேயும் தானாகப் போய்விடும் என்று ஒரு நினைப்பு. போகாது. இரண்டும் தனித்தனி இடம், தனித்தனி கம்ப்யூட்டர். க்ளிப் கிளினிக்கில் ஒருநாள் கவுண்டரில் நின்றபடி "வீடு மாறிட்டோம்" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் தலையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அவர் எழுதிக்கொண்டாரா என்று பார்க்கவில்லை.

அப்புறம் மகளுக்குப் பள்ளியில் பரீட்சை, எனக்கு வேலையில் ஷிப்ட் மாற்றம். ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் அப்பாயிண்ட்மென்ட்டை நினைவூட்டிக்கொண்டிருந்தது அந்த எஸ்எம்எஸ்தான். அது பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த அட்டை வீடு மாறியபோது எந்தப் பெட்டியில் போனதோ. "என்னடா ரொம்ப நாளாச்சே" என்று எனக்கே தோன்றி நான் போன் செய்தபோது இரண்டு தவறிவிட்டிருந்தன. மூன்றாவதற்கு அவசரமாக ஒரு தேதி கொடுத்தார்கள். அன்று போக்குவரத்து நெரிசல். கடைசி எச்சரிக்கை ஒன்று ஏற்கெனவே அனுப்பியிருந்தார்களாம். பழைய முகவரிக்கு.

கடிதம் வந்த இரவு நான் செய்தது முதல் தவறு. பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குழந்தையின் எதிர்காலம், மனிதாபிமானம், நான் கட்டும் வரி, எல்லாம் அதில் இருந்தது. தேதி ஒன்றுகூட இல்லை. நான்கு நாளில் நான்கு வரி பதில் வந்தது, எங்கள் கொள்கை இதுதான் என்று.

வேலையில் உடன் இருக்கும் ஒரு அக்கா சொல்லித்தான் அடுத்த வேலையைச் செய்தேன். "சண்டைக்கு முன்னாடி ரெக்கார்டை வாங்கிப் பாரு" என்றார். பிள்ளையின் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், பணம் கேட்கக்கூடாது. கேட்டேன். மூன்று வாரத்தில் இருபத்திரண்டு பக்கம் வந்தது.

எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்குப் போனது என்பது அதில் இருந்தது. பழைய எண். எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு. ஆனால் அதோடு நிற்காமல் மற்ற பக்கங்களையும் படித்தேன். கடந்த எட்டு மாதத்தில் நான்கு முறை ஒரே மாதிரிக் குறிப்பு: எலாஸ்டிக் போடுவதில்லை, பல் சரியாகத் துலக்குவதில்லை, ஈறு வீங்கியிருக்கிறது, நோயாளியிடம் சொல்லப்பட்டது. நோயாளி என்றால் என் மகள். பதினான்கு வயதுக்குப் பிறகு "நான் தனியாவே போறேன்மா" என்று அவள் மட்டும் உள்ளே போவாள். நான் கீழே காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன். "எல்லாம் ஓகேன்னாங்க" என்பாள்.

எலாஸ்டிக் என்றால் மேல் பிராக்கெட் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல் கொக்கிக்கு மாட்டுகிற குட்டி ரப்பர் வளையம். கம்பி பல்லை வரிசைப்படுத்தும், ஆனால் மேல்வரிசையைப் பின்னால் இழுக்கிற வேலையில் பெரும்பங்கு இந்த வளையத்துக்குத்தான். சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க மாட்டியிருக்க வேண்டும், தினமும் புதிதாக மாற்ற வேண்டும். அவள் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டச் சொன்னேன். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கங்காரு படம். ஏழு பை. ஐந்து பிரிக்கப்படவே இல்லை.

"ஏண்டி?"

"வலிக்கும்மா. வாயைத் திறந்து பேசினா ஒண்ணு தெறிச்சு எதிர்ல இருக்கறவ மேல விழுது. எல்லாரும் சிரிக்கிறாங்க."

நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான். கத்தினேன். அப்புறம் அன்றிரவு அவள் அறைக்குப் போய், க்ளிப் போட வேண்டும் என்று நீ எப்போதாவது கேட்டாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்கதான் சொன்னீங்க, எத்துப்பல்லோட எப்படின்னு" என்றாள். உண்மைதான். என் பல்லும் அப்படித்தான். சின்ன வயதில் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் பல்லைத்தான் நான் அவள் வாயில் சரிசெய்யப் பார்த்தேனோ என்னவோ.

இரண்டாவது முறை எழுதிய புகார் ஒரே பக்கம். தேதி வாரியாக நடந்தது, கீழே மூன்று கேள்வி: நினைவூட்டலும் எச்சரிக்கைக் கடிதமும் எங்கே அனுப்பப்பட்டன? முகவரி மாற்றத்தை நான் நேரில் சொன்னது ஏன் பதிவாகவில்லை? பாதி மூடிய இடைவெளியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று யார், எப்போது எங்களிடம் விளக்கினார்கள்? எலாஸ்டிக் விஷயத்தை நானே ஒப்புக்கொண்டு எழுதினேன். மறைத்தால் அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள், நம் மற்ற வாதமும் சேர்ந்து விழும்.

புகாரைக் கிளினிக்குக்கு எழுதலாம், அல்லது அந்தப் பகுதியின் என்எச்எஸ் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்துக்கு எழுதலாம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இங்கே முடித்துக்கொண்டு அங்கேயும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். வந்த பதிலில் திருப்தி இல்லையென்றால் அடுத்தது நாடாளுமன்ற, சுகாதார சேவை ஆம்புட்ஸ்மேன்தான், அதாவது புகார்களைத் தனியாக விசாரிக்கும் அதிகாரி. புகாருக்குப் பொதுவாக ஒரு வருஷம் கெடு. கிடைத்தது என்று மூன்று வேலைநாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். நான் கிளினிக்குக்கே எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். முகவரி விஷயத்துக்கு எழுத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் கேஸை முடித்ததாகக் கணக்குக் கொடுத்தாயிற்று, மறுபடி திறக்க முடியாது என்றார்கள்.

அந்தக் "கணக்கு" என்ன என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. 2006-இலிருந்து இங்கே க்ளிப் கிளினிக்குகளுக்கு என்எச்எஸ் பணம் கொடுப்பது அலகுக் கணக்கில். ஒவ்வொரு கிளினிக்குக்கும் வருஷத்துக்கு இத்தனை அலகு என்று ஒப்பந்தம். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளையை மதிப்பிட்டு க்ளிப் மாட்டினால் 21 அலகு. பிள்ளை பதினைந்து முறை வந்தாலும் முப்பது முறை வந்தாலும் அதே 21. அதாவது பிள்ளைக்கான பணம் தொடக்கத்திலேயே கணக்காகிவிடுகிறது. பாதியில் வருகிற பிள்ளையை எடுத்துக்கொள்ள இன்னொரு கிளினிக் தன் கணக்கில் இடம் தேட வேண்டும். நான் போன் செய்த ஐந்து இடங்களிலும், "ஏற்கெனவே க்ளிப் போட்டிருக்கு" என்றதும் குரல் மாறியதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அப்பாயிண்ட்மென்ட்டுக்கு வராத என்எச்எஸ் பல் நோயாளிக்கு அபராதம் போட முடியாது. அபராதம் போட முடியாத இடத்தில் சிகிச்சையை நிறுத்துவதுதான் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த நாற்காலிக்கு வெளியே இன்னொரு பிள்ளை பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்தபின் கோபம் குறைந்தது. நஷ்டம் குறையவில்லை.

பல் டாக்டர் புதிதாக ஒரு பரிந்துரை எழுதிக் கொடுத்தார். இங்கேதான் எங்களுக்குப் பெரிய அடி. புதுப் பரிந்துரை என்றால் புது மதிப்பீடு. மறுபடி அதே பிளாஸ்டிக் அளவுகோல். ஒன்றரை வருஷ சிகிச்சையில் 8 மில்லிமீட்டர் 4 ஆகியிருந்தது. உதடும் இப்போது இயல்பாக மூடுகிறது. அப்படியென்றால் அது 2-ஆம் தரம். பாதி குணமானதாலேயே உரிமை போய்விட்டது! பல்லுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதே என்றேன். தெரிகிறது, ஆனால் தரத்தை ஏற்றும் அளவுக்கு இல்லை என்றார் அந்த டாக்டர்.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இந்த முழுக் கதையிலும் எனக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய வாக்கியம். கேஸ் முடிக்கப்படுவதற்கு முன், பழைய கிளினிக்கிலிருந்து மாற்றுக் கடிதமும் தொடக்க கால எக்ஸ்ரே, புகைப்படம், பல் அச்சும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால், இது தொடர் சிகிச்சை, முதலில் இருந்த 8 மில்லிமீட்டரை வைத்துப் பேச ஒரு வழி இருந்திருக்கும் என்றார். முடித்துவிட்டோம் என்று முத்திரை விழுந்தபின் வந்தால் புது ஆள். யாராவது இப்போது எச்சரிக்கைக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தால், வீடு மாறும் யோசனையில் இருந்தால், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். "மாற்றிக்கொள்ள விரும்புகிறேன், அதுவரை கேஸை முடிக்க வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்பது முக்கியம். கவுண்டரில் தலையாட்டல் கணக்கில் வராது.

இதெல்லாம் நடந்த நான்கு மாதமும் க்ளிப் அவள் வாயிலேயே இருந்தது. கழற்றுவதற்கு வரச் சொன்னார்கள், நான்தான் அனுப்பவில்லை. கழற்றிவிட்டால் நம் பிடி போய்விடும் என்று வீம்பு. அதுவும் தவறு. யாரும் பார்க்காத க்ளிப் சும்மா இருக்காது. ஒரு பிராக்கெட் கழன்று கம்பியில் தொங்கி ஆடியது. பின்பக்கக் கம்பி முனை வெளியே நீட்டிக் கன்னத்தைக் கிழித்தது. அதை நறுக்கிவிட்டவர் வழக்கமான பல் டாக்டர். இரவில் குத்தினால் மருந்துக்கடையில் கிடைக்கும் பல் மெழுகை ஒரு பட்டாணி அளவு உருட்டி முனையில் ஒட்டினால் காலை வரை தாங்கும், இது நாங்கள் கற்றுக்கொண்டது. கடைசியில் க்ளிப்பைக் கழற்றியபோது மேல்வரிசையில் ஒரு பல்லில், பிராக்கெட் இருந்த சதுரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைக் கறை. அழுக்கு தங்கி எனாமலின் தாதுச்சத்து கரைந்த தடம் அது. மங்கியிருக்கிறது, போகவில்லை. போட்டோவில் தெரியாது என்கிறாள். எனக்குத் தெரிகிறது.

கழற்றுவதா, தனியார் டாக்டரிடம் தொடருவதா என்று யோசிக்க வேண்டியிருந்தால் ஒன்று மட்டும் உறுதியாகக் கேட்டு வாங்குங்கள்: ரிட்டெய்னர், அதாவது நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் சாதனம். பாதியில் கழற்றினாலும் வேண்டும், சொல்லப்போனால் பாதியில் கழற்றினால் இன்னும் அதிகமாக வேண்டும். நகர்த்திய பல் பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும். மூடிவந்த இடைவெளி மறுபடி திறக்கும். தொலைத்தாலோ உடைத்தாலோ மாற்று வாங்கப் பணம் கேட்பார்கள், பிள்ளைகளுக்கும் விலக்கில்லை. பேண்ட் 3 கட்டணத்தில் (என்எச்எஸ் பல் கட்டணங்களில் மேல்படி) 30 சதவிகிதம் என்பது என்எச்எஸ் விதி. சிகிச்சை நல்லபடியாக முடிந்தவர்களுக்கும் ரிட்டெய்னர் கவனிப்பு என்எச்எஸ்ஸில் ஒரு வருஷம்தான், அதற்கப்புறம் நம் பாடு.

நாங்கள் தனியார் பக்கம்தான் போனோம். மூன்று இடத்தில் விலை கேட்டோம். முதலிலிருந்து தொடங்குகிற மாதிரியே மதிப்புப் போட்டார்கள் இரண்டு பேர். மூன்றாவது டாக்டர் பழைய பதிவுகளையும் எக்ஸ்ரேக்களையும் பார்த்துவிட்டு, மிச்ச வேலைக்கு மட்டும் 2,400 பவுண்டு என்றார், மாதம் 160 வீதம் பதினைந்து மாதம். அந்த இருபத்திரண்டு பக்கம் அப்படித்தான் காசைத் திருப்பித் தந்தது. அந்த வருஷம் ஊருக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிவைத்தோம்.

இந்த முறை அவளோடு நானும் உள்ளே போனேன், ஆனால் கேள்விகளை அவள்தான் கேட்டாள். வகுப்பில் தெறித்து விழுகிறதே என்று கேட்டதும் டாக்டர் சிரிக்காமல் வேறு அளவு எலாஸ்டிக் கொடுத்துப் பார்த்தார். இவ்வளவுதானா, இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று எனக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்பாயிண்ட்மென்ட் தேதி இப்போது அவள் போனிலும் என் போனிலும் இருக்கிறது. வெளியே வரும்போதே அடுத்த தேதியைப் போட்டுக்கொண்டு, திரையில் எங்கள் எண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறோம். ரிசப்ஷனிஸ்ட் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பதினேழு வயதுக்குச் சற்று முன்னால் இடைவெளி மூடியது. ராத்திரி ரிட்டெய்னர் போட்டுக்கொள்கிறாள், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னவனுக்கு இப்போது பதினொன்று. அவனுக்கும் அதே பல், குடும்பச் சொத்து. பல் டாக்டர் பரிந்துரை எழுதட்டுமா என்று கேட்டார். நான் அவனைப் பார்த்தேன்.

"அக்கா மாதிரி ரப்பர் மாட்டணுமா?" என்றான்.

"அனேகமா மாட்டணும்."

"அப்போ அடுத்த வருஷம் கேளும்மா."

பன்னிரண்டிலும் நேரம் இருக்கிறது, வரிசை நீளம் என்பதால் அதற்குமேல் தள்ள வேண்டாம் என்றார் டாக்டர். சரி என்று எழுந்தோம். வெளியே வரும்போது கவுண்டரில் நின்று எங்கள் முகவரியை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னேன். கதவு எண் தப்பாக இருந்தது.